நோயற்றவனுக்கு மருந்து: ஓர் ஒழுக்கவியல் நோக்கு

மருந்து என்றால் அதனை உண்பவன் ஒரு நோயாளி என்பது சொல்லாமலே விளங்கும் கருத்து. திருக்குறளின் மருந்து அதிகாரமும் இக்கருத்தின் மீதே அமைந்துள்ளது. மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்குமிடத்து வள்ளுவர் நோயுற்றவனையே முதற்கண் வைக்கிறார். நோய் தீர்ப்பவனும், மருந்தும், அருகிருந்து உதவுபவனும் அவனுக்குப் பின்னரே வருகின்றனர். நோயுற்றவன் இல்லையெனின் ஏனைய மூன்றுக்கும் அங்கு வேலை இல்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவம் இவ்வெல்லையைக் கடந்தது. உடலில் நோய் எதுவும் காணப்படாத ஒருவர், பின்னொரு காலத்தில் வரக்கூடிய நோயொன்றை முன்னிட்டு, நாள்தோறும் ஒரு குளிசையை விழுங்கும் வழக்கம் உலகின் பல நாடுகளிலும் பரவியது. அவ்வாறு விழுங்கப்பட்டவற்றுள் மிகப் பரவலானவற்றில் ஒன்று அஸ்பிரின்.

அஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்கவல்லது. அதே அஸ்பிரின் குருதிப்பெருக்கையும் உண்டாக்கவல்லது. நோயாளி ஒருவரிடத்தில் இவ்விரண்டையும் நிறுத்துப் பார்ப்பது மருத்துவரின் அன்றாடக் கடமை. நலமுள்ள ஒருவரிடத்திலோ இக்கேள்வி மருத்துவத்தின் எல்லையைக் கடந்து ஒழுக்கவியலின் கேள்வியாகி விடுகிறது. தீங்கு விளைவிக்கக்கூடிய ஒரு பொருளை, வராமலே போகக்கூடிய ஒரு நோயைத் தடுக்கும் பொருட்டு, நோயற்ற ஒருவருக்குக் கொடுப்பது தகுமா? தகுமெனின், எந்நிபந்தனைகளின்கீழ்த் தகும்? இக்கேள்விக்கு விடை காண்பதற்கு முதலில் அம்மருந்து உடலில் என்ன செய்கிறது என்பதை அறிதல் வேண்டும்.

ஒரு செயல், இரு விளைவு

மனிதக் குருதியின் ஒவ்வொரு கன மில்லிமீற்றரிலும் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் முதல் நான்கு இலட்சம் வரையிலான குருதிச் சிறுதட்டுகள் உள்ளன. இவை கருவற்றவை, ஏழு முதல் பத்து நாள் வரையே குருதியில் வாழ்வன. குருதிக்கலன் ஒன்றின் சுவர் காயமுறும்போது அச்சுவரின் அடியிலுள்ள கொலாஜன் வெளிப்படுகிறது. அதனைத் தீண்டிய சிறுதட்டுகள் அங்கேயே ஒட்டிக்கொள்கின்றன. திரொம்பொக்சேன் முதலிய பொருள்களை வெளியிட்டு, ஓடும் குருதியிலுள்ள ஏனைய சிறுதட்டுகளையும் அவ்விடத்துக்கு ஈர்க்கின்றன. இவ்வாறு திரண்டவை ஓர் அடைப்பாகி, பைபிரின் இழைகளால் இறுக்கப்பட்டு, குருதி வெளியேறுவதைத் தடுக்கின்றன. இவ்வேற்பாடு இல்லாவிடின் மிகச் சிறிய காயமும் ஆபத்தாய் முடியும்.

உயிரைக் காக்கும் இச்செயலே வேறோரிடத்தில் உயிரைப் பறிக்கிறது. இருதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் முடியுரு நாடியின் உட்சுவரில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்த கொழுப்புப் படிவு ஒன்று வெடிக்குமாயின், சிறுதட்டுகள் அதனையும் ஒரு காயமென்றே கொண்டு திரள்கின்றன. நாடி அடைபடுகிறது, மாரடைப்பு உண்டாகிறது. கத்தி வெட்டிய விரலுக்கும் படிவு வெடித்த நாடிக்குமிடையே சிறுதட்டு வேறுபாடு காண்பதில்லை. இரண்டிடத்தும் அது தன் தொழிலையே செய்கிறது.

அஸ்பிரின் இத்தொழிலில் எவ்வாறு தலையிடுகிறது என்பதைப் பிரித்தானிய மருந்தியலறிஞர் ஜோன் வேன் 1971 ஆம் ஆண்டில் விளக்கத் தொடங்கினார். 1982 ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பெற்ற மூவருள் அவரும் ஒருவர். திரொம்பொக்சேன் உருவாவதற்கு வேண்டிய சைக்கிளோஒக்சிசனேஸ் என்னும் நொதியத்தை அஸ்பிரின் மீளமுடியாதவாறு செயலிழக்கச் செய்கிறது. கருவுடைய கலங்கள் அந்நொதியத்தைப் புதிதாக ஆக்கிக்கொள்ளும். சிறுதட்டுக்குக் கரு இல்லையாதலின் அதற்கு அவ்வழி இல்லை. அதன் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அது அவ்வாற்றலை இழந்தே இருக்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழப் பத்திலொரு பங்கு சிறுதட்டுகளே புதியனவாய்க் குருதியை அடைகின்றன. ஆகவே நாளொன்றுக்கு 75 அல்லது 100 மில்லிகிராம் என்னும் சிற்றளவே போதுமானதாகிறது. குளோப்பிடோகிரல் போன்ற பிற்கால மருந்துகள், சிறுதட்டின் மேற்பரப்பிலுள்ள வாங்கியொன்றைத் தடுத்து, வேறு வழியால் இதையொத்த விளைவை உண்டாக்குகின்றன.

நலமுள்ளோரில் இம்மருந்தின் விளைவைக் காண எளியதொரு சோதனை நெடுங்காலம் கையாளப்பட்டது. மேற்கையிற் பட்டி கட்டி, 40 மில்லிமீற்றர் இரச அமுக்கத்தை நிலைநிறுத்தி, முன்கையின் தோலிற் சிறு கீறலொன்று இடப்படும். வடியும் குருதியை 30 செக்கன்களுக்கு ஒருமுறை வடிதாளால் ஒற்றியெடுத்து, தாளிற் கறை படாது போகும் நேரம் குறிக்கப்படும். அஸ்பிரின் உண்ட நலமுள்ளோரில் இந்நேரம் நீள்வதை 1960களின் நடுப்பகுதியில் ஆர்மண்ட் குவிக் முதலியோர் காட்டினர். நீளும் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடுவதும் அறியப்பட்டது. ஆயினும் 1990களில் ஓர் உண்மை தெளிவாயிற்று. முன்கையிற் கீறி அளந்த நேரத்தைக் கொண்டு, அம்மனிதர் சத்திரசிகிச்சையின்போது எவ்வளவு குருதி இழப்பார் என்பதை முன்னறிய முடியாது என்பதே அது. அளப்பதற்கு எளிதாயிருந்த தீங்கு அஞ்சவேண்டிய தீங்காக இருக்கவில்லை. அஞ்சவேண்டியது இரைப்பையிலும் குடலிலும், அரிதாக மூளையிலும், கண்ணுக்குத் தெரியாது நிகழும் குருதிப்பெருக்கே. இரைப்பையைப் பொறுத்தவரை இத்தீங்குக்கு இரு காரணங்கள் உள. சிறுதட்டின் ஆற்றலை ஒடுக்கும் அதே மருந்து, இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் புரொஸ்டகிளாண்டின்களையும் குறைத்து விடுகிறது.

‘பக்க விளைவு’ என்னும் சொல்

இத்தகைய குருதிப்பெருக்கு மருந்தின் பக்க விளைவு என்று கூறப்படுவது வழக்கம். இச்சொல் ஒரு தவறான எண்ணத்தை உள்ளடக்கியுள்ளது. மருந்துக்கு மையமான செயலொன்று உண்டெனவும், தீங்கு அதன் ஓரத்தில் தற்செயலாய் ஒட்டிக்கொண்டது எனவும் அது கருதச் செய்கிறது. அஸ்பிரினைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் பொருந்தாது. நாடியில் அடைப்பு உண்டாகாமையும், காயத்தில் அடைப்பு உண்டாகாமையும் ஒரே செயல் ஈரிடத்தில் எய்தும் இரு பெயர்களே.

இதனை வரலாறும் உறுதிப்படுத்துகிறது. கலிபோர்னியாவின் கிளென்டேல் நகரிற் பொது மருத்துவராயிருந்த லோரன்ஸ் கிரேவன், தொண்டைச்சதை அகற்றப்பட்ட நோயாளர் அஸ்பிரின் கலந்த மெல்லுபசையை மென்றபோது மிகுதியாகக் குருதி இழப்பதைக் கண்டார். இவ்வாறு குருதி உறைவதைத் தடுப்பது நாடி அடைப்பதையும் தடுக்கக்கூடும் என்பது அவரது ஊகம். அவ்வூகத்தின் வழியே அவர் ஏறத்தாழ 8,000 பேருக்கு அஸ்பிரினைப் பரிந்துரைத்து, 1950 முதல் 1956 வரை அதுபற்றி எழுதினார். ஒப்பிடுவதற்கு மருந்து உண்ணாத குழு இல்லாமையால் அவரது கூற்றை மருத்துவ உலகம் பெரிதும் பொருட்படுத்தவில்லை. அவரும் 1957 ஆம் ஆண்டில் மாரடைப்பால் மறைந்தார். இங்கு நோக்கற்பாலது ஒன்று உண்டு. குருதிப்பெருக்கு என்னும் தீங்கே அம்மருந்தின் நன்மையை முதலிற் காட்டிக் கொடுத்தது.

ஒரு செயலிலிருந்து நன்மையும் தீமையும் சேர்ந்தே விளையுமாயின் அதனைச் செய்யலாமா என்பது மெய்யியலிற் பழைய வினா. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவினாஸ் தற்காப்பைப் பற்றி ஆராயுமிடத்து இதனை எழுப்பினார். அவரது வழியில் பின்வந்தோர் இதனை இரட்டை விளைவுக் கோட்பாடாக வளர்த்தனர். செயல் தன்னளவில் தீயதாயிருத்தலாகாது, தீமை நோக்கமாயிருத்தலாகாது, தீமையே நன்மைக்கு வழியாயிருத்தலாகாது, நன்மை தீமையின் அளவுக்கு ஈடு செய்வதாயிருத்தல் வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். அஸ்பிரின் கொடுப்பது முதல் மூன்றையும் நிறைவு செய்கிறது எனலாம். மருத்துவர் குருதிப்பெருக்கை நாடுவதில்லை. ஒருவர் குருதி இழப்பதால் அவரது நாடி காக்கப்படுவதுமில்லை. எஞ்சுவது நான்காவது நிபந்தனை. அதாவது அளவு. நோயுள்ளவனுக்கும் நோயற்றவனுக்குமிடையிலான வேறுபாடு இங்கேதான் முழு வடிவில் வெளிப்படுகிறது.

எண்கள் கூறுவன

1988 ஆம் ஆண்டில் வெளியான பெரும் ஆய்வொன்று, மாரடைப்பு ஏற்பட்டதென ஐயுற்று வைத்தியசாலைக்கு வந்த 17,187 பேரை ஆராய்ந்தது. அஸ்பிரின் பெறாதோரில் ஐந்து வாரங்களுள் குருதிக்கலன் நோயால் இறந்தோர் நூற்றுக்கு 11.8 வீதம், பெற்றோரில் 9.4 வீதம். பதினாயிரம் பேரைக் கொண்டு கணித்தால், ஐந்து வாரங்களில் ஏறத்தாழ 240 உயிர்கள் காக்கப்பட்டன எனக் கொள்ளலாம். இத்தகைய நன்மைக்கு முன்னே குருதிப்பெருக்கின் ஆபத்து மிகச் சிறிதாகிறது.

நலமுள்ளோரின் கணக்கு வேறு. பிரித்தானியாவில் 5,139 ஆண் மருத்துவர்கள் பங்குபற்றிய ஆய்வொன்று 1988 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதில் குறிப்பிடத்தக்க நன்மை எதுவும் காணப்படவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 22,071 ஆண் மருத்துவர்கள் பங்குபற்றிய ஆய்வின் முழு அறிக்கை 1989 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் மாரடைப்புகள் நூற்றுக்கு 44 வீதம் குறைந்திருந்தன. அச்செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் அதே அறிக்கையில் வேறு எண்களும் இருந்தன. ஏறத்தாழ ஐந்தாண்டுகளில் மாரடைப்புற்றோர் போலி மருந்து உண்டோரில் 239 பேர். அஸ்பிரின் உண்டோரில் 139 பேர். ஒவ்வொரு குழுவிலும் பதினோராயிரம் பேரளவில் இருந்தமையால், இது நூற்றுக்கு 2.2 வீதத்திலிருந்து 1.3 வீதமாகக் குறைந்ததேயாகும். மூளையிற் குருதி கசிந்து உண்டாகும் பாரிசவாதம் போலி மருந்து உண்டோரில் 12 பேருக்கும், அஸ்பிரின் உண்டோரில் 23 பேருக்கும் நேர்ந்தது. இருதய, குருதிக்கலன் நோய்களால் இறந்தோர் முறையே 83 பேரும் 81 பேரும் ஆவர்.

இவ்வாறான ஆறு ஆய்வுகளில் பங்குபற்றிய ஏறத்தாழ 95,000 பேரின் தரவுகள் 2009 ஆம் ஆண்டில் ஒருங்கே ஆராயப்பட்டன. நலமுள்ள பதினாயிரம் பேர் ஓராண்டு அஸ்பிரின் உண்டால், மாரடைப்பு, பாரிசவாதம் முதலிய பெருந்தீங்குகள் 57 இலிருந்து 51 ஆகக் குறையும் என்பதும், இரைப்பை முதலிய இடங்களிலான பெருங்குருதிப்பெருக்கு 7 இலிருந்து 10 ஆகக் கூடும் என்பதும் அதன் சாரம். அறுவர் காக்கப்படுகின்றனர், மூவர் தீங்குறுகின்றனர். எஞ்சிய 9,991 பேரும் குளிசையால் நன்மையுமின்றித் தீமையுமின்றி அதனை விழுங்கி வருகின்றனர். மக்கட் கூட்டத்துக்குப் பெரும்பயன் தரும் தடுப்புமுறையொன்று அதிற் பங்குகொள்ளும் ஒவ்வொருவருக்கும் மிகச் சிறு பயனையே தரும் என்பதைப் பிரித்தானிய நோய்ப்பரவலியல் அறிஞர் ஜெஃப்ரி றோஸ் 1981 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். தடுப்பின் முரண் என்று இது பெயர் பெற்றுள்ளது.

அறுவரும் மூவரும்

பயன்பாட்டுவாதியின் விடை எளிதானது. ஆறு மூன்றிலும் பெரிது. மாரடைப்பு பெரும்பாலும் இரைப்பைக் குருதிப்பெருக்கிலும் கொடியது. ஆகவே அஸ்பிரினைக் கொடுத்தலே நன்று. இவ்விடை பலருக்கு நிறைவு தருவதில்லை. காக்கப்பட்ட அறுவரும் முகமற்றவர், குருதி இழந்த மூவரோ வைத்தியசாலைக் கட்டிலில் கண்முன்னே கிடப்பவர் என்பது அவர்கள் கூறும் மறுப்பு. காணப்படாத நன்மையைக் காட்டிக் காணப்படும் தீமையை நியாயப்படுத்துவதா என அவர்கள் வினவுவர்.

இம்மறுப்பு உணர்ச்சியைத் தொடுவதாயினும் உண்மையில் நிலைபெறாது. குருதி இழந்து கட்டிலில் இருப்போர் பதின்மர். அவருள் எழுவர் அஸ்பிரினை உண்ணாவிடினும் குருதி இழந்திருப்பர். குளிசையாற் கெட்டவர் யார், இயல்பாகவே நோயுற்றவர் யார் என்பதை மருத்துவரும் அறியார், அப்பதின்மரும் அறியார். காக்கப்பட்டவர் போலவே கெடுக்கப்பட்டவரும் எண்களின் திரைக்குப் பின்னேயே உள்ளனர். ஆகவே முகம் தெரிவதும் தெரியாததும் இங்கு வேறுபாடாகாது.

வேறுபாடு பிறிதோரிடத்தில் உள்ளது. அம்மூவரின் குருதிப்பெருக்கு ஒருவர் செய்த செயலின் விளைவு. அறுவரின் மாரடைப்பு, நிகழ்ந்திருப்பின், எவரும் செய்த செயலின் விளைவாகாது. வாழ்க்கையின் போக்கில் உடல் எய்திய நிலையின் விளைவாகும். செய்வதும் விடுவதும் ஒன்றே, இரண்டும் தெரிவுகளே எனப் பயன்பாட்டுவாதி கூறலாம். விடுதலும் சிலவிடத்துக் குற்றமாகும் என்பதை மறுப்பதற்கில்லை. மாரடைப்புற்று வந்தவனுக்கு அஸ்பிரினைக் கொடாது விடும் மருத்துவர் அவனுக்குத் தீங்கு செய்தவரே ஆவார். ஏனெனில் அவன் உதவி கேட்டு வந்தவன். அவனது நிலையே மருத்துவர்மீது ஒரு கடப்பாட்டைச் சுமத்துகிறது. நலமுள்ளவனோ உதவி கேட்டு வந்தவன் அல்லன். அவனிடம் உள்ளதை மாற்ற முற்படுபவரே அம்மாற்றத்துக்குக் காரணம் காட்டக் கடமைப்பட்டவர். நோயாளியிடத்தில், கொடாமைக்குக் காரணம் கூற வேண்டும்; நோயற்றவனிடத்தில், கொடுத்தலுக்குக் காரணம் கூற வேண்டும். நிறுவும் பொறுப்பு இவ்வாறு ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் பெயர்ந்துவிடுகிறது.

தடுப்பூசியும் நலமுள்ளோருக்கே ஏற்றப்படுகிறது. அதனையும் இவ்வாறே மறுக்கலாமா என்னும் ஐயம் இவ்விடத்து எழக்கூடும். தடுப்பூசி பெரும்பாலும் ஓரிரு முறை ஏற்றப்பட்டு நெடுங்காலம் காக்கிறது. அதன் கடுந்தீங்குகள் மிக அரியன. தொற்றுநோய்கள் பலவற்றில் ஏற்றிக்கொண்டவரை மட்டுமன்றி அயலவரையும் அது காக்கிறது. அஸ்பிரினோ நாள்தோறும் உண்ணப்பட வேண்டியது. அதன் நன்மையும் தீமையும் அளவில் அண்மையன. அதனால் அயலவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு எதுவுமில்லை. நிறுவும் பொறுப்பு இரண்டுக்கும் உண்டு. தடுப்பூசி அப்பொறுப்பை நிறைவேற்றியுள்ளது என்பதே வேறுபாடு.

அயலவர்க்குப் பயனில்லை என்பதில் ஒரு நன்மையும் அடங்கியுள்ளது. ஒருவரைக் காப்பதற்காக இன்னொருவர் பலியிடப்படுவதில்லை. ஆபத்தை ஏற்பவர் யாரோ அவரே பயனையும் எதிர்நோக்குபவர். ஆகவே இருபக்கத்தையும் அறிந்த ஒருவர் தாமே மனமொப்பி ஏற்பாராயின், அவருக்கு அநீதி இழைக்கப்பட்டதாகக் கூற முடியாது. பாரிசவாதத்தால் வாய்பேசா நிலையுறுவதை எல்லாவற்றிலும் மேலாக அஞ்சுபவர் ஒருவராகலாம்; தந்தையும் தமையனும் இளவயதில் மாரடைப்பால் இறக்கக் கண்டவர் இன்னொருவராகலாம். ஆறும் மூன்றும் எவ்வளவு நிறையுடையன என்பதை எண்கள் கூறா. அவற்றைத் தம் வாழ்வோடு வைத்து நிறுப்பவரே கூற முடியும்.

ஆனால் இவ்விணக்கம் பொருளுடையதாக வேண்டுமாயின் உண்மை உரிய முறையிற் சொல்லப்பட வேண்டும். மாரடைப்பு நூற்றுக்கு 44 வீதம் குறையும் என்பது உண்மை. ஐந்தாண்டில் நூற்றுவரில் ஏறத்தாழ ஒருவர் மாரடைப்பிலிருந்து தப்புவார் என்பதும் அதே உண்மையே. முன்னதை நன்மைக்கும் பின்னதைத் தீமைக்கும் கையாண்டு பேசுபவர் பொய் எதுவும் கூறாமலே கேட்போரை ஏமாற்றிவிடலாம். எண்களைச் சொல்லும் முறையும் ஓர் ஒழுக்கச் செயல் என்பது மருத்துவக் கல்வியிலும் ஊடகத்திலும் ஈடுபடுவோர் மறவாதிருக்க வேண்டியது.

நலத்தின் எல்லை

நோயுள்ளவன், நோயற்றவன் என்னும் பகுப்பே தெளிவானதா என்னும் கேள்வி எஞ்சியுள்ளது. நீரிழிவுடைய ஒருவர் இருதய நோய் இல்லாதிருப்பின் எப்பக்கத்தைச் சேர்வார்? 2018 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இத்தகைய 15,480 பேரை ஏழாண்டுகளுக்கு மேலாக நோக்கியது. அஸ்பிரினால் குருதிக்கலன் பெருந்தீங்குகள் நூற்றுக்கு 9.6 வீதத்திலிருந்து 8.5 வீதமாகக் குறைந்தன, பெருங்குருதிப்பெருக்கு 3.2 வீதத்திலிருந்து 4.1 வீதமாகக் கூடியது. நன்மையும் தீமையும் ஏறத்தாழச் சமனாகவே நின்றன. நலம் என்பது திடீரென முடிந்து நோய் தொடங்கும் மதிலன்று. மெல்லச் சரியும் ஒரு நிலம். அச்சரிவிற் கீழே செல்லச் செல்ல மருந்தின் நியாயம் வலுக்கிறது. எல்லைக்கோடு மங்கலாயிருப்பதால் இரு முனைகளும் ஒன்றாகிவிடா.

ஓரிடத்துப் பெறப்பட்ட நியாயம் இன்னோரிடத்துக்கு அப்படியே செல்லாது என்பதும் கருதத்தக்கது. ஆண் மருத்துவரிடத்து மாரடைப்பைக் குறைத்த அஸ்பிரின், 39,876 பெண்கள் பங்குபற்றி 2005 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் மாரடைப்பைக் குறிப்பிடத்தக்க அளவிற் குறைக்கவில்லை. பாரிசவாதத்தையே ஓரளவு குறைத்தது. உயர் குருதியமுக்கம், நீரிழிவு முதலியவற்றையுடைய, 60 வயதும் அதற்கு மேலுமான 14,464 ஜப்பானியரிடத்து நடைபெற்று 2014 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் மொத்தப் பயன் காணப்படவில்லை. மூளைக்கு வெளியே நேர்ந்த கடுங்குருதிப்பெருக்கோ கூடியிருந்தது. ‘மனிதன்’ என்னும் பொதுச்சொல்லின்கீழ் அனைவரையும் அடக்கி ஒரே விதி வகுப்பது அறிவுக் குறைபாடு மட்டுமன்று, அநீதியும் ஆகலாம்.

அறிவைத் தந்தோர்க்கு உரிய கடன்

இவ்வறிவு எவ்வாறு கிடைத்தது என்பதும் ஒழுக்கவியலுக்கு அப்பாற்பட்டதன்று. நலமுள்ளோர் பலர் குருதிப்பெருக்கின் ஆபத்தைத் தம்மீது ஏற்றுக்கொண்டமையாலேயே அது கிடைத்தது. உலக மருத்துவச் சங்கம் 1964 ஆம் ஆண்டில் ஹெல்சிங்கியில் வெளியிட்டு, பின்னர் பன்முறை திருத்திய பிரகடனம், ஆய்வுக்கு உட்படுபவரின் நலன் அறிவியலின் நலனுக்கு மேலானது என வலியுறுத்துகிறது. மனிதனை வெறும் கருவியாகக் கொள்ளலாகாது என்ற காண்ட்டின் கொள்கையோடு இது இயைவது. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் நடைபெற்ற முதற்பெரும் ஆய்வுகளுக்கு மருத்துவர்களே உட்பட்டமை இவ்வகையில் பொருள் பொதிந்தது. தாம் எதற்கு இணங்குகின்றனர் என்பதை அவர்களிலும் நன்கறிந்தோர் அரியர்.

அவுஸ்திரேலியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் 19,114 முதியோர் பங்குபற்றிய ஆய்வு 2018 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் 70 வயதைக் கடந்தவர். இருதய நோயோ பாரிசவாதமோ அற்றவர். ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அவர்கள் 100 மில்லிகிராம் அஸ்பிரினையோ போலி மருந்தையோ உண்டனர். ஆயிரம் பேருக்கு ஓராண்டில் பெருங்குருதிப்பெருக்கு 6.2 இலிருந்து 8.6 ஆகக் கூடியது. இருதய, குருதிக்கலன் நோய்களில் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை. புகைத்தல் குறைந்தமையாலும், குருதியமுக்கத்துக்கும் கொலஸ்திரோலுக்கும் நல்ல மருந்துகள் வந்தமையாலும், முன்னைய தலைமுறையினரிடத்து அஸ்பிரின் தந்த பயன் பின்னையோரிடத்துச் சுருங்கியிருக்கலாம் எனக் கருதப்படுகிறது. மருந்து மாறவில்லை, அதனை நியாயப்படுத்திய உலகம் மாறிற்று.

இவற்றின் பயனாக 2019 ஆம் ஆண்டில் அமெரிக்க இருதயவியல் அமைப்புகளும், 2022 ஆம் ஆண்டில் அந்நாட்டின் நோய்த்தடுப்புச் சேவைகள் பணிக்குழுவும் தம் பழைய அறிவுரைகளைத் திருத்தின. 60 வயதைக் கடந்தோர் முதன்முறை மாரடைப்பையோ பாரிசவாதத்தையோ தடுப்பதற்காக அஸ்பிரினைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் எனவும், 40 முதல் 59 வரையான வயதினரில் ஆபத்து மிகுந்தோர் தத்தம் நிலைக்கேற்பத் தீர்மானிக்கலாம் எனவும் பணிக்குழு கூறிற்று. ஏற்கெனவே மாரடைப்போ அடைப்பினால் வந்த பாரிசவாதமோ கண்டவர்களையும், நாடியிற் குழாய் பொருத்தப்பட்டவர்களையும் இவ்வறிவுரை குறிப்பதன்று. அவர்கள் மருத்துவரைக் கேளாது அம்மருந்தை நிறுத்துவது பேராபத்தாய் முடியலாம்.

தம் உடலைத் தந்து இவ்வறிவை ஈட்டித் தந்தோருக்குச் செலுத்தவேண்டிய கடன் ஒன்று உண்டு. அது அவர்கள் காட்டியதற்கு ஏற்ப நடப்பது. நன்மை நிறுவப்பட்டபோது மருந்தைத் தொடங்கும் ஊக்கம் மருத்துவ உலகில் என்றும் இருந்துள்ளது. நன்மை இல்லையென நிறுவப்பட்டபின் அதனைக் கைவிடும் ஊக்கம் அத்துணை விரைவாய் எழுவதில்லை. அண்டை வீட்டார் உண்கின்றனர், விலை மலிவு, நெடுங்காலப் பழக்கம் என்பன காரணங்களாகா.

நோயற்ற மனிதனுக்கு மருத்துவம் செய்யக்கூடியது எதுவுமில்லை என்பது இதன் முடிபன்று. அவனிடத்து மருத்துவம் செல்லும்போது, வேறு தகுதியோடு செல்கிறது என்பதே முடிபு. நோயாளியிடம் அது அழைக்கப்பட்டுச் செல்கிறது. நலமுள்ளவனிடம் அழையாது செல்கிறது. அழையாது சென்றவர் மிகுந்த சான்றோடும், முழு உண்மையோடும், வேண்டாமென்று அவன் கூறின் திரும்பிவரும் மனத்தோடும் செல்லுதல் வேண்டும். நன்மையும் தீமையும் ஒரே செயலின் இரு விளைவுகளாயுள்ள மருந்தொன்றைக் கையில் ஏந்திச் செல்லும்போது, இம்மூன்றுள் ஒன்று குறையினும் அச்செயல் உதவியெனும் பெயருக்கு உரியதாகாது.